இன்ச் டேப் யார் கையில்?

உள்ளாடையும் நீச்சலுடையும் தைப்பதுதான் என் தொழில். பதினெட்டு வருடமாகக் கழுத்தில் இன்ச் டேப் தொங்குகிறது. "இத்தினியூண்டு துணி, இதில் என்ன வேலை இருந்துவிடப் போகிறது?" என்று கேட்காத ஆளே இல்லை. துணி குறையக் குறைய வேலை ஏறும். பாவாடையில் அரை இன்ச் பிசகினால் மடிப்பில் மறைத்துவிடலாம். பிகினியின் கீழ்த்துண்டில் அரை இன்ச் பிசகினால் நடக்கும்போது ஏறிக்கொள்ளும், அலை அடித்தால் இறங்கிவிடும்.

நான் முதலில் தைத்த நீச்சலுடை, போட்டுப் பார்த்த நிமிடமே தையல் பொலபொலவென்று விட்டுப்போனது. இழுபடும் துணியில் பருத்தி நூலால் நேர்த்தையல் போட்டிருந்தேன். துணி நீண்டது, நூல் நீளவில்லை. ஜிக்ஜாக் தையலும் பாலியஸ்டர் நூலும் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. துணியை உடம்பளவை விடச் சின்னதாக வெட்ட வேண்டும். தொடைப் பக்க எலாஸ்டிக்கை முன்னால் தளர்வாக விட்டு, பின்னால் வரும்போது இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். அந்த இழுப்பில்தான் பின்துணி உடம்பைக் கவ்வி நிற்கும்.

அதனால், பிகினியைக் கொண்டுவந்த லூயி ரெயார் கார் பொறியாளர் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. பாரிஸில் அம்மாவின் உள்ளாடை வியாபாரத்தை எடுத்து நடத்தியவர் அவர். 1946 ஜூலை 5 அன்று மோலிட்டர் நீச்சல் குளத்தில் தன் உடையை அறிமுகப்படுத்தினார். மொத்தம் 30 சதுர அங்குலத் துணி, நான்கு முக்கோணங்கள், நடுவே கயிறு. வழக்கமான மாடல்கள் போட மறுத்துவிட்டார்கள். காசினோ தெ பாரி என்ற கேளிக்கை அரங்கில் நடனமாடிய மிஷலின் பெர்னார்தினி முன்வந்தார். துணி முழுக்கச் செய்தித்தாள் அச்சு. கையில் ஒரு தீப்பெட்டி. உடை அதற்குள் அடங்கும் என்று காட்டத்தான். இரண்டு துண்டு நீச்சலுடை அதற்கு முன்பே இருந்தது. போர்க்காலத்தில் துணியை மிச்சம் பிடிக்க அமெரிக்காவில் அதுதான் பரவியிருந்தது. ஆனால் அதில் தொப்புள் மூடியே இருக்கும். ரெயார் அதை வெளியே விட்டார்.

பெயரைத்தான் என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. அந்த அறிமுகத்துக்கு நான்கு நாள் முன்பு, ஜூலை 1 அன்று, மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அங்கே வாழ்ந்த 167 பேரை மார்ச் மாதமே கப்பலேற்றி வேறு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1958 வரை அங்கே 23 சோதனைகள். அந்த மக்களால் இன்றும் திரும்பிப்போய்க் குடியிருக்க முடியவில்லை. தினமும் அந்த ஊர்ப் பெயரை நான் பில்லில் எழுதுகிறேன்.

பெயர்தான் புதிது, உடை புதிதல்ல. சிசிலியில் பியாட்சா அர்மெரினா அருகே உள்ள ரோமானிய மாளிகைத் தரையில் 4ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியம் ஒன்று இருக்கிறது. மார்புக்கச்சும் ஜட்டியும் அணிந்த பெண்கள் ஓடுகிறார்கள், வட்டு எறிகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள். காட்டிக்கொண்டு நிற்கும் பெண்கள் இல்லை அவர்கள். உடற்பயிற்சிக்கு எது தோதோ அதைக் கட்டியிருக்கிறார்கள்.

என்னை உலுக்கிய படம் வேறு. 1922, வாஷிங்டனின் டைடல் பேசின் நீச்சல் கரை. ஒரு காவலர் மண்டியிட்டு ஒரு பெண்ணின் தொடையில் டேப் பிடித்து அளக்கிறார். முழங்காலுக்கு மேல் ஆறு அங்குலத்துக்கு அதிகமாகத் தெரியக்கூடாது என்பது விதி. நானும் தினம் அப்படித்தான் குனிந்து அளக்கிறேன். ஆனால் என்னிடம் வருபவர் சொன்ன அளவைத்தான் நான் குறிக்கிறேன். அந்தக் காவலர் கையில் இருந்ததும் இதே டேப் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அது பழைய கதை என்றுதான் நினைத்திருந்தேன். 2016இல் பிரான்சின் சில கடற்கரை நகரங்கள் உடல் முழுக்க மூடும் புர்கினிக்குத் தடை போட்டன. நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2021 ஜூலையில் நார்வேயின் பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணி பிகினிக் கீழ்த்துண்டுக்குப் பதில் அரைக்கால் ஷார்ட்ஸ் போட்டு ஆடியது. ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு 1,500 யூரோ அபராதம் விதித்தது. பெண்களின் கீழ்த்துண்டு பக்கவாட்டில் அதிகபட்சம் 10 சென்டிமீட்டர்தான் இருக்கலாம் என்று விதி இருந்தது. ஆண்களுக்கு ஷார்ட்ஸ். 1922இல் தெரிந்தது அதிகம் என்றவர்கள், 2021இல் மூடியது அதிகம் என்றார்கள். அந்த வருடமே விதி மாறியது. அதற்காக அந்தப் பெண்கள் அபராதம் கட்டத் தயாராகக் களத்தில் இறங்க வேண்டியிருந்தது.

பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் எவ்வளவு என்று அன்றிரவு துணியில் குறித்துப் பார்த்தேன். என் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அதில் எலாஸ்டிக் மடிப்புக்கே மேலும் கீழும் ஒவ்வொரு சென்டிமீட்டர் போய்விடும்.

இப்போது என் மேசையில் இரண்டு உடைகள் கிடக்கின்றன. ஒன்றுக்கு இடுப்பில் முடிச்சுப் போடும் கயிறு, இன்னொன்று முழங்கால் வரை. இரண்டும் ஒரே சுருளில் வெட்டிய கருநீலத் துணி. நாளைக்கு இருவரும் போட்டுப் பார்க்க வருகிறார்கள்.