டிபிஎம்எஸ் பிராக்டிகல்: மார்க் போவது நடு டேபிளில்தான்

ரிசல்ட் வந்துவிட்டது, டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்) லேப் தேறியாச்சு. கிரேடு ஒரு படி இறங்கியதற்குக் காரணம் ஒரே ஒரு வரி, பிரைமரி கீ (டேபிளின் ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டுவது). அதனால் இந்தப் பதிவும் பெரும்பாலும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். டிரிக்கர், கர்சர் எல்லாம் சீனியர் ரெக்கார்டிலேயே இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர்–பாடம், டாக்டர்–நோயாளி, படம்–நடிகர் என்று கேள்வி எந்த வேஷத்தில் வந்தாலும் உள்ளே இருப்பது மெனி டு மெனி, அதாவது ஒரு மாணவருக்குப் பல பாடம், ஒரு பாடத்துக்குப் பல மாணவர். நடுவில் மூன்றாவது டேபிள் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மாணவர்_எண், பாடம்_எண் இரண்டையும் சேர்த்துப் பிரைமரி கீ என்று கை தானாகவே எழுதிவிடும். பேனாவை அங்கே நிறுத்துங்கள். நிறுத்திவிட்டுக் கேளுங்கள்: இதே ஜோடி மறுபடியும் வருமா?

அரியர் வைத்தவரை நினைத்துப் பாருங்கள். மாணவர் 101, பாடம் 7, நவம்பரில் போச்சு. ஏப்ரலில் அதே பேப்பருக்கு மறுபடி பதிகிறார். இன்சர்ட் (புது வரி) கொடுத்தால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் எரர் 1062, டூப்ளிகேட் என்ட்ரி என்று திருப்பி அனுப்பும். சரி, பழைய வரியையே அப்டேட் செய்வோம் என்றால் நவம்பர் மார்க் அழிந்துபோகும். கீயில் மாணவர்_எண், பாடம்_எண், பருவம் என்று மூன்றும் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. டாக்டர்–நோயாளி கேள்வியில் இந்த இடத்துக்கு வருவது அப்பாயின்ட்மென்ட் தேதியும் நேரமும். படம்–நடிகர் என்றால் இரட்டை வேடம். அங்கே மூன்றாவது காலம் (column) கதாபாத்திரம்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. ஆட்டோ இன்க்ரிமென்ட் ஐடியை (தானே ஒன்று ஒன்றாக ஏறும் எண்ணை) மட்டும் கீயாக வைத்துவிட்டு நிம்மதியாகப் போவது. சப்மிட் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் இரண்டு வரி விழும். முதலில் செலக்ட் போட்டுத் தேடி, இல்லையென்றால்தான் இன்சர்ட் என்று பிஹெச்பியில் எழுதியிருக்கிறேனே என்பார்கள். இரண்டு ரிக்வெஸ்டும் ஒரே நேரத்தில் செலக்ட் ஓட்டினால் இரண்டுக்குமே 'இல்லை' என்றுதான் பதில் வரும். நம்பி விடக்கூடியது டேபிளில் மூன்று காலத்தின் மேல் போடும் யூனிக் (அதே மதிப்பு மறுபடி வரக்கூடாது என்ற விதி) தான். அந்த மூன்று காலமும் நாட் நல்லாக (NOT NULL, காலியாக விடக்கூடாதது) இருக்கட்டும். பருவம் நல்லாக (NULL) இருந்தால் மைஎஸ்க்யூஎல் யூனிக்கைத் தாண்டி எத்தனை வரி வேண்டுமானாலும் விடும்.

மார்க் எங்கே போகும்? நடு டேபிளில். ஆசிரியர் பெயர்? ஒரு பருவத்தில் ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் என்று கேள்வியில் இருந்தால் நடு டேபிளில் வைக்காதீர்கள். அது பாடத்தையும் பருவத்தையும் மட்டுமே சார்ந்தது, அதாவது கீயின் ஒரு பகுதியை. செகண்ட் நார்மல் ஃபார்ம் (எதுவும் கீயின் ஒரு பகுதியை மட்டும் சார்ந்திருக்கக் கூடாது என்ற விதி) உடைந்தது என்று எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவார்.

எழுதும்போது பார்க்க வேண்டியவை:

1. தாய் டேபிள் (மாணவர், பாடம்) இரண்டும் முதலில், நடு டேபிள் கடைசியில். டிராப் செய்யும்போது தலைகீழ் வரிசை.

2. ஃபாரின் கீ (தாய் டேபிளின் கீயைச் சுட்டும் காலம்) எண்ணாக இருந்தால் டைப் அப்படியே ஒத்துப்போக வேண்டும். லாராவெல் (பிஹெச்பி ஃபிரேம்வொர்க்) ஐடி போடுவது அன்சைன்டு பிக்இன்ட். நீங்கள் வெறும் இன்ட் என்று போட்டால் மைஎஸ்க்யூஎல் 8 எரர் 3780 கொடுக்கும்.

3. ஆன் டெலீட் காஸ்கேட்டை (தாய் வரி போனால் அதைச் சுட்டும் வரிகளும் போகும்) பழக்கதோஷத்தில் போடாதீர்கள். வலைப்பதிவுக்கு டேக் ஒட்டுவது மாதிரி இடத்தில் பரவாயில்லை. இங்கே பழைய பாடத்தை நீக்கினால் மார்க் மொத்தமும் சத்தமில்லாமல் போய்விடும். ரெஸ்ட்ரிக்ட் (மார்க் இருக்கும்வரை நீக்கவிடாது) போடுங்கள்.

4. பாடம்_எண்ணுக்குத் தனி இண்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் அடுக்கு). கீ மாணவர்_எண்ணில் தொடங்குவதால் பாடத்தை வைத்துத் தேட அது உதவாது, தெரு வாரியாக அடுக்கிய வாக்காளர் பட்டியலில் பெயரை மட்டும் வைத்துத் தேடுகிற கதைதான். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி ஃபாரின் கீக்குத் தானே இண்டெக்ஸ் போட்டுக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் போடாது.

குவெரியில் இரண்டு பொறி. யாருமே பதியாத பாடத்தையும் சேர்த்து எண்ணிக்கை கேட்பார்கள். லெஃப்ட் ஜாயின் போட்டுக் கவுண்ட் ஸ்டார் எழுதினால் அந்தப் பாடத்துக்கு 0 வராது, 1 வரும். கவுண்ட்டுக்குள் நடு டேபிளின் மாணவர்_எண்ணை வையுங்கள்.

அடுத்தது, 7, 9 இரண்டு பாடமும் பதிந்தவர்கள் யார்? வேர் (WHERE) நிபந்தனையில் 7 அண்ட் 9 என்று எழுதினால் ஒருத்தரும் வரமாட்டார், ஒரே வரியில் இரண்டு பாடம் இருக்க முடியாதே. இன் (IN) போட்டு, மாணவர் வாரியாக குரூப் செய்து, ஹேவிங் கவுண்ட் டிஸ்டிங்க்ட் பாடம்_எண் சமம் 2. டிஸ்டிங்க்டை விட்டுவிட்டால் 7-ஐ இரண்டு தடவை எழுதிய நம்ம அரியர்காரர், 9 பக்கமே போகாமல் பட்டியலில் வந்து உட்காருவார்.

மினி புராஜெக்ட்டை லாராவெலில் செய்பவர்களுக்கு ஒன்று. செக்பாக்ஸ் ஃபார்மை சேமிக்க எல்லாரும் சிங்க் மெதடைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது டிக் இல்லாத பாடங்களை நீக்கிவிடும். நீக்கும்போது பாடம்_எண்ணை மட்டும்தான் பார்க்கும், பருவத்தைப் பார்க்காது. நடப்புப் பருவ ஃபார்மைச் சேமித்தீர்கள் என்றால் போன பருவ மார்க்கும் சேர்ந்து காலி. லாராவெல் ரிலேஷனிலேயே வித்பிவட்வேல்யூ (withPivotValue) வைத்துப் பருவத்தைக் கட்டிவிடுங்கள். டெமோவில் ஒரே பருவத்து டேட்டா மட்டும் இருந்தால் இந்தத் தப்பு கண்ணில் படாது, எனவே சாம்பிள் டேட்டாவில் கட்டாயம் ஒரு அரியர் வரி சேருங்கள்.

வைவாவில் நிச்சயம் வரும் கேள்வி: மூன்று காலக் கீ எதற்கு, தனி ஐடி வைத்தால் என்ன? வைக்கலாம். மறுமதிப்பீட்டு விண்ணப்பம் மாதிரி இன்னொரு டேபிள் இந்த நடு டேபிள் வரியைச் சுட்ட வேண்டியிருந்தால் தனி ஐடிதான் வசதி, மூன்று காலத்தையும் அங்கே சுமக்க வேண்டாம். ஆனால் ஐடி வந்தாலும் மூன்று காலத்தின் மேல் யூனிக் அப்படியே இருக்க வேண்டும். இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டால் எக்ஸ்டர்னலின் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.