டிஸ்ப்ளேயில் 18, உள்ளே 6: ஒயின் கூலர் சென்சாரைச் சோதித்த கதை

ஒயின் கூலரை 12 டிகிரியில் வைத்திருக்கிறேன், டிஸ்ப்ளே 18-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது, பின்சுவரில் பனி கட்டியிருக்கிறது. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அதில் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் 6. (காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறந்ததுமே அளவு ஏறிவிடும், அதற்குத்தான் தண்ணீர்.)

கேஸ் குறைந்திருந்தால் குளிர்ச்சி பத்தாது. இங்கே தேவைக்கு மேல் குளிர்கிறது. அப்புறம் சந்தேகம் எல்லாம் சென்சார் மேல்தான். இதில் இருப்பது இரண்டு ஒயர் கொண்ட என்டிசி தெர்மிஸ்டர், அதாவது வெப்பத்துக்கு ஏற்ப ரெசிஸ்டன்ஸ் மாறும் சின்ன பாகம். குளிரக் குளிர ரெசிஸ்டன்ஸ் ஏறும். எங்காவது ரெசிஸ்டன்ஸ் குறைந்துபோனால் கூலரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு அதைச் சூடு என்று எடுத்துக்கொண்டு கம்ப்ரசரை விடாமல் ஓட்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு கனெக்டரைக் கழற்றி, உள்ளே குளிர் குறைவதற்குள் மல்டிமீட்டரை வைத்தேன். 13 கிலோ ஓம். 10 கே வகை (25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டுவது) சென்சார் என்றால் 6 டிகிரியில் 22-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 10 கே வகைதானா என்பதற்கும் ஒரு வழி உண்டு: சென்சார் இருந்த இடத்தில் சாதாரண 10 கே ரெசிஸ்டரைச் செருகி, திரும்ப கரண்ட் கொடுத்துப் பார்ப்பது. டிஸ்ப்ளே 25 என்றது. வகையும் தெரிந்தது, போர்டு மேல் பழி இல்லை என்பதும் தெரிந்தது.

சென்சாரை வெளியே எடுத்து மேஜையில் ஒரு நாள் போட்டுவைத்தேன். மறுபடி அளந்தால், அறை வெப்பத்துக்கு எவ்வளவு காட்ட வேண்டுமோ அவ்வளவு! இந்த இடத்தில்தான் பலரும் ‘சென்சார் நல்லாத்தான் இருக்கு’ என்று போர்டை மாற்றப் போவார்கள்.

பொடித்த ஐஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் 0 டிகிரி கிடைத்துவிடும். முதலில் சென்சாரை மெல்லிய பாலிதீன் பைக்குள் விட்டு அமுக்கினேன். 27 கிலோ ஓமுக்கு வந்து அசையாமல் நின்றது. பையை உருவிவிட்டு அப்படியே முக்கினேன். 27, 26, 24... நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 21-க்கு வந்துவிட்டது, இன்னும் நிற்கிற பாடில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால், ஒயர் சென்சாரின் தலைக்குள் நுழையும் இடத்தில், அதை மூடியிருக்கும் எபாக்ஸி பசை மயிரிழை அளவு விலகியிருக்கிறது. ஈரம் அதன் வழியாக இறங்கி, கரண்டுக்குத் தெர்மிஸ்டருக்குப் பக்கத்திலேயே ஒரு குறுக்குவழி போட்டுக்கொண்டிருக்கிறது, அதனால்தான் ரெசிஸ்டன்ஸ் இறங்குகிறது. காய்ந்தால் சரியாகிவிடும், குளிர்ந்து வியர்த்தால் திரும்பவும் ஆரம்பிக்கும்.

புதிது வாங்கும்போது ‘10 கே’ என்று மட்டும் கேட்டால் போதாது. பீட்டா எண்ணும் (வெப்பம் மாறும்போது ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைச் சொல்வது) பொருந்த வேண்டும். 0 டிகிரியில் 27 காட்டியதால் என்னுடையது 3435. 3950 என்றால் 32-ஐ ஒட்டிக் காட்டியிருக்கும். 3950-ஐ மாற்றிப் போட்டால் 25 டிகிரியில் வித்தியாசமே தெரியாது, 12-ல் இரண்டு டிகிரி குறைத்துக் காட்டும்.

பழைய ஒயரைப் பாதியில் வெட்டி, இரண்டு இணைப்பும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராதபடி முன்பின்னாகப் புது சென்சாரை சால்டர் செய்து, உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டேன். சென்சார் பழைய கிளிப்பிலேயே உட்கார்ந்தது. பின்சுவரில் ஒட்டினால் அதன் குளிரைத்தான் அளக்கும்.

இப்போது டிஸ்ப்ளேயில் 12, டம்ளரில் 13. கம்ப்ரசர் நின்று நின்று ஓடுகிறது. ஒயர் உள்ளே வரும் ஓட்டையைச் சுற்றியிருந்த அடைப்பு பெயர்ந்து கிடக்கிறது. வெளிக்காற்றின் ஈரம் அந்த வழியாகத்தான் வந்திருக்கும் போல. அடுத்த வேலை அதை சிலிக்கான் போட்டு அடைப்பது.