'நைஸ்' என்ற சொல்லின் வேரைப் பிடித்து ஆங்கிலம் படித்த அனுபவம்

எஸ்எஸ்சி எனப்படும் மத்திய அரசுப் பணியாளர் தேர்வு, வங்கித் தேர்வு இவற்றுக்குப் படிக்கிறவர்களிடம் ஆங்கிலச் சொற்களுக்கென்று ஒரு நோட்டு இருக்கும். இடப்பக்கம் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ப் பொருள். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. ஒரு சொல்லை எடுத்தால் அது எங்கிருந்து வந்தது, வழியில் எப்படி மாறியது, அதற்குச் சொந்தக்காரச் சொற்கள் எவை என்று மொத்தமாகப் பார்த்துவிடுவேன். 'நைஸ்' என்ற பெயரடையை வைத்தே சொல்கிறேன்.

லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். 'நெ' இன்மையைக் குறிக்கும். 'ஸ்கீரே' என்றால் அறிதல். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் பொருள் பேதை, முட்டாள் என்பதுதான். அன்றைக்கு ஒருவரை நைஸ் என்றால் அது வசவு! அப்புறம் கூச்சமுள்ள, நொட்டை சொல்கிற, மென்மையான, நுட்பமான என்று பொருள் நகர்ந்துகொண்டே போனது. இன்றைய 'இனிமையான' என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலில், ஒரு புத்தகத்தை நைஸ் என்று புகழும் கேத்தரினை ஹென்றி டில்னி விடாமல் சீண்டுவான்: நாளும் நைஸ், நடையும் நைஸ், எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தானா என்று. புதுப் பொருள் சிலருக்கு அப்போதும் உறுத்தியிருக்கிறது.

சரி, இது தேர்வில் எங்கே உதவும்? 'ஸ்கீரே' என்ற அதே வேரில்தான் 'சயின்ஸ்' பிறந்தது. எல்லாம் அறிந்தவரைக் குறிக்கும் 'ஆம்னிஷியன்ட்', வருவதை முன்கூட்டியே அறிகிற 'பிரஷியன்ட்' இரண்டும் அதே குடும்பம். முதலாவது, ஒரு தொடருக்கு ஒரு சொல் கேட்கும் பகுதியில் அடிக்கடி தலைகாட்டும். எழுத்துப்பிழைக் கேள்வியில் பலரைத் தடுமாற வைக்கும், மனசாட்சி என்று பொருள்படும் 'கான்ஷியன்ஸ்' என்ற சொல்லை 'கான்' என்றும் 'சயின்ஸ்' என்றும் பிரித்து எழுதிப் பாருங்கள். எழுத்துகள் அப்படியே பொருந்தும், பிறகு தப்பாது.

பழைய பொருள்கள் முழுக்கச் செத்தும் போகவில்லை. நீதிமன்றத் தீர்ப்புகளிலும் தலையங்கங்களிலும் 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று வந்தால் அது நுண்ணிய வேறுபாடு. பத்தி வாசித்துப் பதில் எழுதும் பகுதியில் 'நல்ல' என்ற பொருளைக் குறித்தால் மதிப்பெண் போய்விடும். நம் வீட்டில் மாவை 'நைஸாக அரை' என்று சொல்கிறோமே, அதுவும் இந்த நுண்மைக்குப் பக்கத்தில் நிற்கும் பொருள்தான்.

ஒரு வேருக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நடுவில் வேர், சுற்றிலும் அதன் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் செய்தித்தாளில் பார்த்த ஒரு வாக்கியம். வாக்கியம் இல்லாமல் எழுதிய சொல் பரீட்சை அறையில் கைவிடும் என்பது என் அழுத்தமான கருத்து.

வேரை மட்டும் நம்பி விடை குறிக்கவும் கூடாது. 'சில்லி' என்ற சொல்லைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலத்துக்கு மகிழ்ச்சியான, பாக்கியம் பெற்ற என்று பொருள். அங்கிருந்து கள்ளமற்ற, பாவப்பட்ட என்று இறங்கி, கடைசியில் 'அசட்டுத்தனமான' என்பதில் நின்றது. 'நைஸ்' ஏறிய படியில் இது இறங்கியிருக்கிறது. ஜெர்மனில் இதன் உறவுச்சொல் 'ஜேலிஷ்' இன்றும் பேறுபெற்ற என்ற பொருளிலேயே இருக்கிறது. அதனால் வேரை நினைவுக்கு வைத்துக்கொண்டு, விடையை அந்த வாக்கியத்தைப் பார்த்தே குறியுங்கள்.