மிதான் டாட்டா பேப்பர் தேடி மும்பை போறவங்க இத படிச்சுட்டு போங்க

எல்எல்எம் ஆய்வுக்கு மிதான் டாட்டா பத்தி எழுதுறேன். 1919ல அம்மா ஹீராபாயோட லண்டன் போய் இந்தியப் பெண்களுக்கும் ஓட்டு வேணும்னு வாதாடி, அங்கயே லிங்கன்ஸ் இன்ல படிச்சு 1923ல பாரிஸ்டர் ஆகி, பாம்பே ஹைகோர்ட்ல பிராக்டிஸ் பண்ண முதல் பெண். அவங்க சம்பந்தப்பட்ட பேப்பர் பாக்கத்தான் மும்பைல ஒரு பழைய ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

பதிவு, போட்டோ, ஆதார் எல்லாம் பிரச்சனையில்ல. கைடுகிட்ட வாங்கிட்டுப் போக வேண்டிய சிபாரிசு லெட்டர்லதான் மாட்டுனேன். அவர் மெயில்ல அனுப்புன லெட்டரோட பிரிண்ட் செல்லாதாம், பேனா கையெழுத்தும் டிபார்ட்மென்ட் சீலும் வேணுமாம். வெப்சைட்ல இத பத்தி ஒரு வரி கிடையாது. சென்னைல இருந்து கூரியர் வர்ற வரைக்கும் மாட்டுங்கால சித்தி வீட்ல சும்மா உக்காந்திருந்தேன்.

அப்புறம் பேப்பர் கேட்டு எழுதிக் குடுக்குற ஸ்லிப்ல டாட்டான்னு பாத்ததும் கவுன்ட்டர்காரர் கம்பெனி ரெக்கார்டு இங்க இல்லன்னு தள்ளிவிட்டுட்டார். கம்பெனி இல்ல சார், வக்கீல்னு எத்தன தடவ சொன்னாலும் நிமிர்ந்தே பாக்கல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மிதான் அந்தக் காலத்துல கோர்ட் லைப்ரரில உக்காந்தா ஜூவுக்கு வந்த புது மிருகத்த பாக்குற மாதிரி கதவு வழியா எட்டிப் பாப்பாங்களாம். முதல் கேஸ குடுத்த கட்சிக்காரர் எப்படியும் ஜெயிக்கிற கேஸ்தான் வச்சிருந்தார், எதிராளி ஒரு பொம்பளகிட்ட தோத்து அவமானப்படணும்னே இவங்கள தேடி வந்தாராம். அதையெல்லாம் தாண்டி நின்னவங்க பேர ஒரு நிமிஷம் நின்னு படிக்கக்கூட ஆளில்லையேன்னு இருந்துச்சு.

காப்பாத்துனது உள்ள பண்டல் எடுத்துக் குடுக்குற அக்காதான், அம்மா பேர்ல தேடிப் பாரும்மான்னாங்க. ஹீராபாய்னு போட்டதும், பெண்கள் ஓட்டுரிமைக்காக செஞ்ச வேலைய பத்தி அவங்க எழுதுன சின்ன பிரசுரம் வந்துச்சு! பின் துருப்பிடிச்சு, ஓரமெல்லாம் உதிருது, மூச்சு விடவே பயந்துகிட்டு புரட்டுனேன்.

போறவங்க கவனிங்க. 1933ல கல்யாணம் ஆச்சு, அதுக்கு அப்புறம் உள்ளது லாம்ங்கிற பேர்ல இருக்கும், ரெண்டுலயும் தேடுங்க. பிரிட்டிஷ்காரங்க கொண்டு வந்த 1919 இந்திய அரசுச் சட்டம் பெண்கள் ஓட்ட மாகாணங்களே முடிவு பண்ணட்டும்னு விட்டுடுச்சு, மெட்ராஸும் பாம்பேவும் 1921ல குடுத்தாங்க, அதனால மாகாண சட்ட கவுன்சில் விவாதங்களுக்கு தனி ஸ்லிப் எழுதணும். பென்சில் கொண்டு போங்க, பேனா, போன் ரெண்டும் வெளியவே வாங்கி வச்சுருவாங்க. ஜெராக்ஸ் அப்ளிகேஷன லஞ்சுக்கு முன்னாடியே குடுத்துடுங்க, ரசீத பத்திரமா வைங்க. என் காப்பி இன்னும் வரல, திங்கக்கிழமை ரசீது நம்பர சொல்லி திரும்ப போன் பண்ணணும்.