பந்தயத் தடத்தில் பத்மினியை நிறுத்துவது எப்படி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் ஒரு பழைய கார் நன்றாக நின்றுவிடுகிறது என்பதற்காக, அது பந்தயத் தடத்திலும் நிற்கும் என்று நம்பிவிட முடியாது. சமதளமான அந்தச் சாலையில் ஒருமுறை அழுத்திப் பிரேக் பிடித்தால், அடுத்தமுறை பிடிப்பதற்குள் ட்ரம் (சக்கரத்தோடு சுழலும் இரும்புக் கிண்ணம்; உள்ளிருந்து ஷூக்கள் விரிந்து, மேலே ஒட்டிய லைனிங்கால் உரசி அதை நிறுத்தும்) ஆறிவிடும். சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ 3.7 கி.மீ. சுற்றுக்குள் 12 திருப்பங்கள் இருக்கின்றன. என் 1978 பிரீமியர் பத்மினியைத் தடத்துக்கு ஆயத்தப்படுத்தத் தொடங்கியபோது, எஞ்சினைப் பற்றி விசாரித்த நண்பர்களிடமெல்லாம் நான் பிரேக்கைப் பற்றியே பேசியதற்குக் காரணம் இதுதான்.

ஓட்டுநருடன் சேர்த்து வண்டி 1,000 கிலோ என்று கொள்வோம். மணிக்கு 120 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்குக் குறைத்தால், சுமார் 4.2 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். நான்கு ட்ரம்களும் சேர்ந்து 20 கிலோ இரும்பு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் அவற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 45 டிகிரி கூடும். முன்சக்கரங்களே பெரும்பங்கை ஏற்பதால் அங்கே ஏற்றம் இன்னும் அதிகம். ஆறுவதற்கு நேரமில்லாமல் இது தொடரும்போது லைனிங்கின் பிடிமானம் தளர்கிறது. ட்ரம்மும் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால் பெடல் கீழே கீழே இறங்குகிறது. டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் பேட்கள் இறுக்கி நிறுத்தும். அந்த டிஸ்க் விரிந்தால் பேடை நோக்கியே விரியும் என்பதும், அது காற்றில் திறந்தே சுழல்வதும்தான் அதன் பெரிய அனுகூலங்கள். 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்றபோது உலகம் கவனித்தது இதைத்தான். பத்மினியின் தாய்வீடான ஃபியட்டே 1966-இல் வந்த 124 மாடலில் நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் வைத்துவிட்டது.

ஆனாலும் முதல் நாளே டிஸ்க்குக்குப் பாய்வதை நான் விரும்பவில்லை. கடலூர் முதுநகரில் எனக்கு வேலை பார்த்துத் தரும் மூத்த மெக்கானிக், "ட்ரம்ம ஒழுங்கு பண்ணிட்டு அப்புறம் டிஸ்க்கைப் பத்திப் பேசலாம் தம்பி" என்றார். அவர் சொன்னது சரி. ட்ரம்மை லேத்தில் கொடுத்து வட்டத்தைச் சரிபார்ப்பது, லைனிங் முழுப் பரப்பிலும் படியும்படி ஷூவைத் தேய்த்துப் பொருத்துவது, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களையும் ஆயில் போகும் ரப்பர் ஹோஸ்களையும் புதிதாக மாற்றுவது ஆகியவற்றை முடித்தாலே கார் வேறொன்றாகிவிடுகிறது. (பழைய லைனிங் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விடுங்கள்; அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.)

பிரேக் ஆயில் விஷயத்தில் நம் கடலோர ஊர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரும்பாலான கார்களில் ஊற்றும் கிளைக்கால் (glycol) வகை ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டிய டாட் 4 (DOT 4) தர ஆயில், ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உருவாகி, பெடல் எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போய்விடும். ஆகவே திறந்து பாதி மீந்த டப்பாவை அடுத்த பந்தயத்துக்கு நான் பயன்படுத்துவதில்லை.

முன்சக்கரங்களுக்கான டிஸ்க் மாற்றத்தில், பேட்களை டிஸ்க்கின்மீது அழுத்தும் காலிப்பரைப் பொருத்தும் தகட்டையும், சக்கரம் பூட்டும் ஹப்பையும் ஒரு நல்ல லேத் பட்டறை செய்து கொடுத்துவிடும். தலைவலி, பெடலை மிதிக்கையில் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில்தான் இருக்கிறது. ட்ரம்மில் முன்னோக்கிய ஷூ சுழற்சியால் தானாகவே இறுகிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லாததால் அதே காலழுத்தத்துக்கு அதிக எண்ணெய் அழுத்தம் தேவைப்படுகிறது. சிறிய விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர் அந்த அழுத்தத்தைத் தரும் என்றாலும், காலிப்பரின் பெரிய பிஸ்டனை நகர்த்தும் அளவுக்கு எண்ணெயைத் தள்ள பெடல் நெடுந்தூரம் போக வேண்டியிருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே விட்டத்தைத் தேர்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மேலும், ட்ரம்முக்கான அமைப்பில் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் ஒரு வால்வு இருக்கும். அதை அப்படியே விட்டால் பேட் டிஸ்க்கை ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். கையோடு கையாக ஒற்றைச் சுற்று அமைப்பை விட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்று உள்ள மாஸ்டர் சிலிண்டருக்கு மாறிவிடுவதே நல்லது. ஒரு ஹோஸ் வெடித்தாலும் ஒரு ஜோடிச் சக்கரமாவது நிற்கும்.

பின்னால் ட்ரம்மே போதும். பிரேக் பிடிக்கையில் எடை முன்னால் சாய்வதால், பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் சுழன்றுவிடும். ஆகவே பின்சக்கர பிரேக்கின் ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தி, அதைத் தடத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது மட்டுமே திருத்துகிறேன். இரவில் காலியான சாலையில் சோதித்துப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும்; அந்தப் பழக்கத்துக்கு என் ஆதரவு இல்லை.

வரலாற்றுக் கார்களுக்கான பிரிவில் ஓட்ட நினைப்பவர்கள் வேலையைத் தொடங்குமுன் விதிகளைப் படித்துவிட வேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பின்னிணைப்பு கே, கார் அதன் காலத்தில் இருந்த அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்கிறது; டிஸ்க் மாற்றம் அங்கே ஒத்துவராமல் போகலாம். பந்தய பேட்கள் சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும் என்பதால், மஞ்சக்குப்பம் கடைவீதிக்கு எடுத்துச் செல்லும் நாட்களில் என் காரில் சாதாரண பேட்களே இருக்கின்றன.