பிளஸ் டூ வீட்டில் தூக்கக் கணக்கு: தேர்வுக்கால நாட்குறிப்பு

ஜனவரி 6

பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில், ஒரு தாளில் அன்றாட நேரத்தை எழுதிப் பாருங்கள். பல வீடுகளில் அது இப்படித்தான் இருக்கும்: காலை 5.30க்கு டியூஷன், 7.15க்கு வேன், 8 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் 6 முதல் 8.30 வரை மறுபடி டியூஷன். சாப்பிட்டு, ரெக்கார்டு நோட்டு எழுதிப் படுக்க 11.30 ஆகிறது. 5 மணிக்கு எழுந்தால் தூக்கம் ஐந்தரை மணி நேரம்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். குறைந்தபட்சக் கணக்கிலேயே தினம் இரண்டரை மணி நேரம் துண்டு விழுகிறது. ஆறு நாளில் 15 மணி நேரம். இந்தத் தாளில் செல்போன் வரவே இல்லை. போனைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பும் பெற்றோர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

ஒரு டியூஷனை விடுவதென்றால் காலை டியூஷனை விடுங்கள். கனவு வரும் கட்டத் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசி மூன்று மணி நேரத்தில்தான் அமைகிறது. அலாரம் வெட்டுவது அதைத்தான்.

ஜனவரி 10

ஒன்பதரைக்கே விளக்கை அணைத்தாலும் பதினொன்று வரை புரண்டுகொண்டிருக்கிறானே, அது அடமா? இல்லை. பருவ வயதில், தூக்கத்துக்கு உடம்பைத் தயாராக்கும் ஹார்மோனான மெலடோனின் சுரக்கும் நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. விழித்திருக்கும்போது சேரும் தூக்க அழுத்தமும் சின்னப் பிள்ளைகளைவிட மெதுவாகவே ஏறுகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டிய விஷயம் இது.

'பள்ளியைத் தாமதமாகத் திறந்தால் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள்' என்பார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றினார்கள். கைக்கடிகாரம் போன்ற கருவி கட்டி அளந்தபோது, மாணவர்கள் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியது தெரிந்தது. கலிபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இங்கே 8 மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கும் பள்ளிகள் இதை யோசிக்கத்தான் வேண்டும்.

விடியற்காலை 4 மணிக்குப் படித்தால் பசுமரத்தாணி போலப் பதியும் என்பது எட்டு மணிக்கே படுத்தவர்களுக்குப் பொருந்தியது. 11.30க்குப் படுக்கும் பிள்ளைக்கு 4 மணி நடுராத்திரி.

ஜனவரி 17

பொங்கல் லீவு. வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். பதினொரு மணி வரை தூங்கினால் அன்று இரவு ஒரு மணிக்குத்தான் கண் அயரும்.

ஜனவரி 27

தூக்கம் எங்கே போகிறது என்று தெரிய இரண்டு வாரக் குறிப்பு போதும், ஞாயிறும் சேர்த்து. விளக்கணைத்த நேரம், தூங்கிப்போனதாகத் தோன்றும் நேரம், நடுவில் விழித்தது, எழுந்தது, பகல் தூக்கம், கடைசி டீ அல்லது காபி. காலையில் எழுந்ததும் பிள்ளையே எழுத வேண்டும். அம்மா எழுதினால் விளக்கணைத்த நேரமே தூங்கிய நேரமாகப் பதிவாகி, ஒரு மணி நேரம் பொய்யாகக் கூடிவிடும்.

பல குறிப்புகளில் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, ராத்திரி ஏழு மணிக் காபி. காபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மூன்று மணிக்கு மேல் வேண்டாம். இன்னொன்று, ஒன்பதரைக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் ஹோம்வொர்க். போன் கையில் இருப்பதற்கு அதுவே நியாயமான காரணமாகிவிடுகிறது. ஆசிரியர்கள் ஏழு மணிக்குள் அனுப்பிவிட்டால், போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு, எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 9

படுக்கும் நேரத்தை ஒரே நாளில் இரண்டு மணி நேரம் முன்னே இழுக்க முடியாது. எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள், ஞாயிறும் அதே நேரம். எழுந்ததும் அரை மணி நேரம் மொட்டை மாடி வெளிச்சத்தில் இருக்கட்டும். பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுக்க வைக்கலாம். பகல் தூக்கம் 20 நிமிடம், நான்கு மணிக்குள்.

பிப்ரவரி 18

எட்டரை மணி நேரம் தூங்கியும் வகுப்பில் கண் சொருகினால் தூக்கத்தின் தரத்தைப் பாருங்கள். சத்தமான குறட்டை, நடுவே மூச்சு தடைபடுதல் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். டான்சிலோ, மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டு சதையோ காரணமாகலாம். படுத்ததும் கால் குடைகிறது, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது என்று பெண் பிள்ளை சொன்னால் ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். இரும்புச் சத்துக் குறைவு இப்படியும் தூக்கத்தைக் கெடுக்கும்.

பிப்ரவரி 28

பொதுத்தேர்வு காலை 10 மணிக்கு. 6.30க்கு எழுந்தால் தாராளம். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கே படுக்க வைக்காதீர்கள். வழக்கமாகப் படுப்பதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூளை மிக விழிப்பாக இருக்கும். படுத்தால் பயம்தான் வளரும். வழக்கமான நேரமே போதும். நீட் எழுதுபவர்களுக்கு வேறு கவனம் வேண்டும். அது மதியம் 2 மணிக்கு, உடம்பே சோரும் நேரத்தில் தொடங்குகிறது. ஏப்ரல் முழுக்க மாதிரித் தேர்வை அதே 2 முதல் 5 வரை எழுதிப் பழகி, அந்த நேரத்துப் பகல் தூக்கத்தை நிறுத்திவிடுங்கள்.