தாந்தாமலை அடிவாரத்தில் இரண்டு பிடி மண்

மட்டக்களப்பு வாவிக்கு மேலால் போகும் மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முன்பு அந்தத் துறையால் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போவதென்றால் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். (வெளியூரார் பாதை என்றால் தெருவென்று நினைப்பார்கள். எங்களுக்கு அது வாவியைக் கடக்கும் மிதவை.) இந்த ஆவணியில் மாமாவின் மோட்டார் சைக்கிளில் நொடியில் அக்கரை போய்விட்டோம். கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் தாந்தாமலைப் பக்கம் திரும்பினோம்.

முருகனைக் கும்பிட்டு இறங்கும்போதுதான் காட்டோரத்தை நின்று பார்த்தேன். சின்ன வயதில் பாலைப்பழம் பொறுக்கிய இடம். இப்போது ஆளுயரத்துக்கு நாயுண்ணி (லன்டானா). மஞ்சளும் இளஞ்சிவப்புமாய்ப் பூத்துக் கிடந்தது. தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து தோட்டத்து அழகுக்கென்று கொண்டுவரப்பட்ட செடி. கறுத்த பழங்களைக் குருவிகள் தின்று காடெங்கும் விதைத்துவிட்டன.

பட்டிக்காரர் ஒருவர் மாடுகளை மறித்துக்கொண்டு நின்றார். "மாடு வாய் வைக்காது மனே. வெட்டினா அடுத்த மழைக்கு இரட்டிப்பா நிக்கும்" என்றார். "ஆனா மண் கெடல்ல. தோண்டிப் பாருங்க, நல்ல பசளையாத்தான் கிடக்கு."

அவரிடமே கத்தி வாங்கிப் பாலை மரத்தடியில் கொத்தினேன். செம்மண், கல் மாதிரி இறுக்கம். தடித்த பாலைச் சருகு மக்காமல் அப்படியே கிடந்தது. நாயுண்ணிப் புதருக்குள் கை விட்டால் கறுத்த, உதிரியான மண். பட்டிக்காரர் சொன்னது சரி. என்னைக் கலங்க வைத்ததும் அதுதான்.

நாயுண்ணி இலை மெல்லியது, நைதரசன் நிறைந்தது. விழுந்த சுருக்கில் மக்கிவிடும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த நைதரசனை வேர் உறிஞ்சக்கூடிய நைத்திரேற்றாக மாற்றிவிட, ஆக்கிய சோறு மாதிரித் தயாராகக் கிடக்கும். இந்தியாவின் உலர்காடுகளில் செய்த ஆய்வுகளும் நாயுண்ணிக்குக் கீழே நைதரசன் வேகமாக வெளிவருவதைக் காட்டியிருக்கின்றன. பாலையும் வீரையும் அந்தச் சோற்றுக்குப் பழகியவை அல்ல. ஏழை மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்து, நூறு வருசம் நிற்கிற மரங்கள். மாரி மழை விழுந்ததும் அந்தப் பசளையை அள்ளிக்கொள்வது வேகமாக வளரும் நாயுண்ணிதான். அதோடு இலையில் ஊறி இறங்கும் சாறு மற்ற விதைகளின் முளைப்பையும் தடுக்கும். அந்தப் புதருக்குள் எவ்வளவோ தேடினேன், ஒரு பாலைக் கன்றுகூட என் கண்ணில் படவில்லை.

ஹவாய்த் தீவின் எரிமலை மண்ணில் இன்னும் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். காற்றிலுள்ள நைதரசனை வேரில் பிடித்து வைக்கும் ஃபயா என்ற வந்தேறி மரம், மண்ணுக்குச் சேரும் நைதரசனை நான்கு மடங்குக்கு மேல் கூட்டியது என்று 1987இல் வெளியான ஆய்வு சொன்னது. எங்கள் வேலிகளில் நிற்கும் இபில் இபிலும் அதே வேலையைச் செய்கிற மரந்தான். வேலியில் நிற்கும்வரை நல்லது. காட்டுக்குள் ஏறினால்தான் எனக்குப் பயம்.

செடியை வெட்டினாலும் மண் உடனே பழைய மண் ஆகாது. கொழுத்த மண்ணும் வெயிலும் கிடைத்தால் அடிக்கட்டையே துளிர்க்கும். எரித்தால் சாம்பலும் உரமாகிவிடும். வேரோடு கிளப்ப வேண்டும், பிறகு நிழல் வேண்டும். அடர்ந்த நிழலில் நாயுண்ணி தலையெடுக்காது.

நான் இதைச் சொல்லி முடிக்கு முன்பே பட்டிக்காரர், "வாங்க மனே" என்று தன் வாடிக்குப் பின்னால் கூட்டிப்போனார். கன்றுக்குட்டிகளுக்கு நிழல் வேண்டுமென்று போன மாரியில் நாயுண்ணியைக் கிளப்பிவிட்டு நட்ட மூன்று வீரைக் கன்றுகள். யானை மிதிக்காமலிருக்கச் சுற்றிலும் முள் அடுக்கியிருந்தார். முழங்கால் உயரம்கூட இல்லை. அடியில் முளைத்திருந்த நாயுண்ணிக் குருத்துகளை மாமா குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார்.